தரம் துளியும் குறையாமல் படங்களின் சைஸைக் குறைக்க எந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்?

பாண்டிபஜார்_வெப்:

வணக்கம் நண்பர்களே. தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறேன். வேர்ட்பிரஸ் (தளத்தை நடத்தும் மென்பொருள்), அதன்மேல் வூகாமர்ஸ் (ஆன்லைன் கடைக்கான பிளகின்). சுமார் 3,000 படங்கள், மொத்தம் 14 ஜிபி. பெரும்பாலானவை கடையிலேயே போனில் எடுத்த ஜேபெக் (பாதி ஐபோன், பாதி ஆண்ட்ராய்டு). சில நூறு படங்கள் டிசைனர் பின்னணியை வெட்டிக் கொடுத்த பிஎன்ஜி, ஒவ்வொன்றும் 15 முதல் 20 எம்பி. மீதி லோகோ, பிளவுஸ் அளவு அட்டவணை போன்றவை.

ஹோஸ்டிங்கில் இடம் தீரப்போகிறது. ஆனால் தரத்தில் கை வைக்க ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். வாங்குபவர்கள் ஜூம் செய்து ஜரிகையையும் நெசவையும் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார்கள். தீபாவளி கலெக்‌ஷன் வெளியாகும்வரை படங்களை ஆன்லைன் கம்ப்ரஷன் தளம் எதிலும் ஏற்றவும் கூடாது.

லாஸ்லெஸ் (தரம் குறையாமல் சுருக்குவது) என்று போட்டிருந்த ஒரு பிளகினைக் கொஞ்சம் படங்களில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். ஐபோன் படங்களில் அரக்கு பார்டர் சோகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சில படங்கள் பக்கவாட்டில் படுத்துவிட்டன. லாஸ்லெஸ் என்றால் நிறம் எப்படி மாறும்? என் கம்ப்யூட்டர் உபுண்டு 24.04, கமாண்ட் லைன் பழக்கம் உண்டு. கடையில் மற்றவர்கள் விண்டோஸ்.

பெரம்பூர்_லோகோ:

நிறம், படுத்துக்கொள்வது இரண்டுக்கும் ஒரே காரணம்தான். அந்த பிளகின் மெட்டாடேட்டாவை (படத்தோடு ஃபைலில் இருக்கும் குறிப்புகளை) மொத்தமாக வழித்துப் போட்டிருக்கிறது. பிக்சல் ஒன்றுகூட மாறியிருக்காது, அந்த அர்த்தத்தில் அது லாஸ்லெஸ்தான். ஆனால் பிக்சலை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு போய்விட்டது.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் ஃபைலில் படம் படுத்தவாக்கில்தான் பதிவாகும். "90 டிகிரி திருப்பிக் காட்டு" என்று எக்ஸிஃப் ஓரியன்டேஷனில் ஓர் எண் இருக்கும். அது போனால் படம் படுத்துவிடும். நிறத்துக்குக் காரணம் ஐசிசி புரொஃபைல், அதாவது படம் எந்த நிறவெளியில் இருக்கிறது என்ற குறிப்பு. சில வருடங்களாக ஐபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிறவெளியில் எடுக்கின்றன. புரொஃபைல் இல்லாத படத்தை பிரவுசர் எஸ்ஆர்ஜிபி (வழக்கமான, குறுகிய நிறவெளி) என்று எடுத்துக்கொள்ளும். அப்போது அடர்ந்த நிறங்கள்தான் அடிவாங்கும்: அரக்கு, குங்குமச் சிவப்பு, கிளிப்பச்சை. சந்தனம், சாம்பல் நிறப் புடவைகளில் பெரிதாகத் தெரியாது. உங்கள் கடைக்கு இது சின்ன விஷயமில்லை, நிறம் வேறு என்று புடவை திரும்பி வந்துவிடும். இத்தனைக்கும் அந்த டிஸ்ப்ளே பி3 புரொஃபைல் ஒரு கேபிகூட இருக்காது. அதை நீக்கி மிச்சம் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி செய்ய வேண்டியது. (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

முதலில் ஒரிஜினல் எல்லாவற்றையும் வேறு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்கள். நான் சொல்லும் கருவிகளில் பல அதே ஃபைலின் மேலேயே எழுதிவிடும்.

ஜேபெக்குகளுக்கு எக்ஸிஃப்டூலும் ஜேபெக்ஆப்டிமும் போதும், இரண்டும் உபுண்டு களஞ்சியத்திலேயே இருக்கின்றன. எக்ஸிஃப்டூலில் "-ஆல்= -டேக்ஸ்ஃப்ரம்ஃபைல் @ -ஐசிசி_புரொஃபைல் -ஓரியன்டேஷன்" என்று கொடுத்தால் எல்லாக் குறிப்பையும் அழித்துவிட்டு இந்த இரண்டை மட்டும் திரும்ப வைக்கும். ஜிபிஎஸ் இடக்குறிப்பும் இதோடு போய்விடும், அது நல்லதுதான். நெசவாளர் வீட்டில் எடுத்த படம் என்றால் அந்த வீடு எங்கே என்று அவ்வளவு பேருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து ஜேபெக்ஆப்டிம், "--ஆல்-புரோகிரசிவ்" ஸ்விட்சோடு. வேறெதுவும் வேண்டாம். முக்கியமாக "-எம்", "-எஸ்" (பெரிய எழுத்து) இரண்டையும் தொடாதீர்கள். முதலாவது குவாலிட்டி வரம்பு, இரண்டாவது இலக்கு சைஸ். இரண்டும் படத்தை மறுபடி என்கோட் செய்யும், அதோடு லாஸ்லெஸ் போச்சு. முதலில் "-என்" போட்டு ஓட்டினால் எதையும் எழுதாமல் எவ்வளவு குறையும் என்று மட்டும் சொல்லும்.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், ஜேபெக்கில் தரம் போவது 8×8 கட்டங்களின் எண்களை வகுத்து முழு எண்ணாக்கும் குவான்டைசேஷன் கட்டத்தில். அதற்குப் பிறகு அந்த எண்களை ஹஃப்மன் குறியீட்டில் அடுக்குவது முழுக்க லாஸ்லெஸ். எழுதும் வேகத்துக்காகக் கேமராக்கள் பெரும்பாலும் எல்லாப் படத்துக்கும் ஒரே பொது அட்டவணையை வைத்துக்கொள்ளும். ஜேபெக்ஆப்டிம், ஜேபெக்டிரான் எல்லாம் அந்தந்தப் படத்துக்குத் தோதான அட்டவணையைப் போட்டு அதே எண்களைத் திரும்ப அடுக்குகின்றன. மோஸ்ஜேபெக்கோடு வரும் ஜேபெக்டிரான் புரோகிரசிவ் ஸ்கேன்களை (படம் படிப்படியாகத் தெளிவதற்கான அடுக்குகளை) எப்படிப் பிரித்தால் லாபம் என்றும் தேடிப் பார்க்கும், அதனால் கூடக் கொஞ்சம் கிடைக்கும். உபுண்டுவில் ஜேபெக்டிரான் என்று வருவது லிப்ஜேபெக்-டர்போவுடையது, மோஸ்ஜேபெக்கை நீங்களே கம்பைல் செய்ய வேண்டியிருக்கும்.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். போன் ஜேபெக்கில் லாஸ்லெஸாகக் கிடைப்பது பொதுவாக 5 முதல் 10 சதவீதம். 40, 60 என்று காட்டினால் சந்தேகப்படுங்கள், தரம் குறைந்திருக்கும். இல்லையென்றால் மோஷன் போட்டோவாக இருக்கும். ஆண்ட்ராய்டில் அந்த வசதி ஆனில் இருந்தால் ஜேபெக்கின் வாலிலேயே ஒரு சின்ன எம்பி4 வீடியோ ஒட்டிக்கொண்டிருக்கும், அது மட்டுமே பல எம்பி. சுத்தம் செய்தால் அது போய்விடும், ஸ்டில் படத்துக்கு ஒன்றும் ஆகாது. கடை போன்களில் அந்த வசதியை ஆஃப் செய்துவிடச் சொல்லுங்கள்.

ஓரியன்டேஷன் குறிப்பை நம்பாமல் படத்தையே நிமிர்த்திவிடலாமே என்று தோன்றும். ஜேபெக்டிரானில் "-ரொட்டேட் 90" லாஸ்லெஸாகவே திருப்பும், ஒரு நிபந்தனையோடு. போன் படங்கள் பெரும்பாலும் 4:2:0 என்ற நிற அமைப்பில் இருக்கும், அதில் ஒரு கட்டம் 16×16 பிக்சல். ஐபோனின் 4032×3024 இரண்டு பக்கமும் பதினாறால் மீதியில்லாமல் வகுபடும், சுத்தமாகத் திரும்பும். பல ஆண்ட்ராய்டுகளின் 4000×3000-இல் 3000 வகுபடாது, ஓரத்தில் அரைக் கட்டம் மிஞ்சும். ஒன்று அந்த ஓரம் குளறுபடியாகும், அல்லது "-டிரிம்" போட்டு 8 பிக்சலை வெட்ட வேண்டும். "-பெர்ஃபெக்ட்" ஸ்விட்ச் போட்டால் இப்படிப்பட்ட படத்தைத் திருப்பாமல் பிழை காட்டி நின்றுவிடும். என் ஆலோசனை, திருப்பவே வேண்டாம். குறிப்பை வைத்திருங்கள், இன்றைய பிரவுசர்கள் எல்லாம் அதை மதிக்கின்றன.

ராயப்பேட்டை_கிராஃபிக்ஸ்:

ஜேபெக்கை லோகோ சார் விளக்கிவிட்டார். உங்கள் 14 ஜிபியில் நிஜமாக இடத்தை அடைப்பது அந்த டிசைனர் பிஎன்ஜிகள்தான் என்று நினைக்கிறேன்.

பிஎன்ஜி ஒவ்வொரு வரியையும் ஐந்து ஃபில்டரில் ஒன்றால் (நன், சப், அப், ஆவரேஜ், பேத்) பக்கத்துப் பிக்சலோடு உள்ள வித்தியாசமாக மாற்றி, அதை டிஃப்ளேட் என்ற முறையால் சுருக்குகிறது. டிஃப்ளேட் திரும்பிப் பார்க்கும் தூரம் 32 கேபி மட்டும். லோகோ மாதிரி ஒரே நிறம் பரவிக் கிடக்கும் படத்துக்கு இது அருமை. ஜரிகை மினுமினுக்கும் போட்டோவில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் ஒன்றுக்கொன்று ஒத்தே போகாது, அங்கே எந்தக் கருவியாலும் பெரிதாகச் சாதிக்க முடியாது.

கருவி ஆக்ஸிபிஎன்ஜி. ரஸ்ட் மொழியில் எழுதியது, எல்லா சிபியூ கோரையும் பயன்படுத்தும். கிட்ஹப்பில் ரெடிமேட் பைனரி கிடைக்கும், கார்கோ வழியாகவும் நிறுவலாம். களஞ்சியத்திலேயே வேண்டுமென்றால் ஆப்டிபிஎன்ஜி, வேலை ஒன்றுதான், வேகம் குறைவு. "-ஓ 4 --ஸ்டிரிப் சேஃப்" போதும். சேஃப் என்றால் ஐசிசி புரொஃபைல் மாதிரி படம் தெரியும் விதத்தைப் பாதிக்கும் பகுதிகளை விட்டுவைக்கும். "--ஸ்டிரிப் ஆல்" போட்டால் அரக்கு கதை திரும்ப வரும். "--ஸ்கேல்16" என்று ஒன்று இருக்கிறது, 16 பிட் படத்தை 8 பிட்டாக வெட்டும், லாஸ்லெஸ் இல்லை, தொடாதீர்கள்.

"-இசட்" (பெரிய எழுத்து) போட்டால் கூகுள் 2013-இல் வெளியிட்ட ஸாப்ஃப்ளியைப் பயன்படுத்தும். ஸெட்லிப்பின் (வழக்கமான டிஃப்ளேட் நிரல்) உச்ச நிலையைவிட 3 முதல் 8 சதவீதம் கூடச் சுருக்கும், ஆனால் நேரம் பல பத்து மடங்கு ஆகும். எல்லாப் பக்கத்திலும் வரும் லோகோ, ஐகான், அளவு அட்டவணைக்கு மட்டும் போடுங்கள். 20 எம்பி புடவைப் படத்துக்குப் போட்டு மே மாத வெயிலில் லேப்டாப்பை வறுத்தெடுக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான இடம், பின்னணி வெட்டிய படங்கள். வெட்டிய பகுதி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பல நேரம் அந்த இடத்தில் பழைய பின்னணியின் நிறங்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆல்ஃபா (பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற எண்) மட்டும்தான் பூஜ்யம். கடையின் தரை, மேனெக்வின் ஸ்டாண்ட், பக்கத்து ரேக்கில் அடுக்கிய புடவை எல்லாம் மறைவாக எம்பி கணக்கில் பயணம் செய்யும். ஆக்ஸிபிஎன்ஜியில் "--ஆல்ஃபா" ஸ்விட்ச் இந்த மறைந்த நிறங்களைச் சுருக்கத் தோதாக மாற்றிவிடும். திரையில் ஒரு பிக்சல்கூட வித்தியாசம் தெரியாது. இந்த வகைப் படத்தில் மட்டும் சைஸ் சடாரென்று இறங்குவதைப் பார்க்கலாம். டிசைனர் கிம்ப் பயன்படுத்துகிறார் என்றால், பிஎன்ஜி ஏற்றுமதி டயலாக்கில் டிரான்ஸ்பரன்ட் பிக்சலின் நிறத்தையும் சேமிக்கும் டிக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி லாஸ்லெஸ் வெப்பி (கூகுளின் பட ஃபார்மட்). அதை உருவாக்கும் சிவெப்பி கருவியில் "-லாஸ்லெஸ் -இசட் 9". கூகுள் சொல்லும் கணக்குப்படி பிஎன்ஜியைவிடச் சராசரியாக 26 சதவீதம் சிறியது. கண்ணிவைத்த இடங்கள்: "-லாஸ்லெஸ்" போட மறந்தால் குவாலிட்டி 75-இல் சத்தமில்லாமல் தரத்தைக் குறைத்துவிடும். "-நியர்_லாஸ்லெஸ்" பெயரில்தான் லாஸ்லெஸ். வெப்பி ஒரு சேனலுக்கு 8 பிட் மட்டுமே, 16 பிட் பிஎன்ஜி கொடுத்தால் பாதி போய்விடும். ஒரு பக்கம் 16,383 பிக்சலைத் தாண்டவும் கூடாது. போன் ஜேபெக்கை லாஸ்லெஸ் வெப்பியாக மாற்றினால் சைஸ் பல மடங்கு ஊதும், ஏனென்றால் ஜேபெக் தூக்கியெறிந்துவிட்ட விவரத்துக்குப் பதில் வந்த கலங்கலையும் அது பிக்சல் பிக்சலாகக் காப்பாற்ற வேண்டும்.

பிஎன்ஜிகுவான்ட் பற்றியும் யாராவது சொல்வார்கள். நல்ல கருவி, ஓப்பன் சோர்ஸ்தான், ஆனால் நிறங்களை அதிகபட்சம் 256-ஆகக் குறைக்கும். அளவு அட்டவணைக்கு ஓடும். ஷாட் கலர் பட்டின் பளபளப்பு பட்டை பட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், பின்னணி வெட்டாத போட்டோவை பிஎன்ஜியில் வைத்திருந்தால் அதற்கு லாஸ்லெஸ் தீர்வு தேடாதீர்கள். டிசைனரிடம் லேயரோடு இருக்கும் மூல ஃபைலிலிருந்து ஜேபெக் 92, நிற அமைப்பு 4:4:4 என்று ஒரே ஒருமுறை ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். 4:4:4 ஏன் என்றால், 4:2:0-இல் நிற விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகும். அரக்கு உடலும் தங்க ஜரிகையும் சேரும் கோட்டில் சிவப்பு கசிந்து தெரிவது அதனால்தான்.

பாண்டிபஜார்_வெப்:

இருவருக்கும் ரொம்ப நன்றி. ஜேபெக்கில் 7 சதவீதம் கிடைத்தது. வெட்டிய பிஎன்ஜி ஒன்று "--ஆல்ஃபா" போட்டதும் 18 எம்பியிலிருந்து 11-க்கு வந்தது, பிரமிப்பாக இருக்கிறது.

இரண்டு சந்தேகம். பிக்சல் மாறவில்லை என்று நானே எப்படி உறுதி செய்வது? ஃபைலின் எஸ்ஹெச்ஏ256 (கைரேகை மாதிரியான ஹேஷ்) இயல்பாகவே மாறிவிடுகிறதே. இரண்டாவது, புரொஃபைலோடு ஏற்றிய படத்தைத் தனியாகத் திறந்தால் அரக்கு சரியாக இருக்கிறது, பிராடக்ட் பேஜில் மட்டும் மறுபடி மங்கல்.

தரமணி_டெர்மினல்:

சரிபார்க்க இமேஜ்மேஜிக். உபுண்டு 24.04-இல் வருவது பழைய 6-ஆம் வரிசை, அதனால் "கம்பேர்" என்பதே தனிக் கட்டளை. "-மெட்ரிக் ஏஇ", பழைய படம், புதிய படம், கடைசியில் "நல்:" என்று கொடுங்கள். வித்தியாசப்படும் பிக்சல்களின் எண்ணிக்கை வரும், பூஜ்யம் வர வேண்டும். ஆயிரக்கணக்கில் என்றால் "ஐடென்டிஃபை -ஃபார்மட் %#" நல்லது, பிக்சலை மட்டும் வைத்து ஒரு ஹேஷ் தரும். முன்னும் பின்னும் பட்டியல் எடுத்து டிஃப் போட்டுவிடுங்கள். "--ஆல்ஃபா" போட்ட படங்களில் மறைந்த நிறம் மாறியிருப்பதால் இது பொருந்தாமல் போகலாம். அவற்றை மட்டும் இரண்டு பக்கமும் வெள்ளைப் பின்னணியில் ஃபிளாட்டன் செய்துவிட்டு ஒப்பிடுங்கள். வெள்ளையில் ஒருமுறை, கறுப்பில் ஒருமுறை பார்த்தால் விளிம்பின் அரை டிரான்ஸ்பரன்ட் பிக்சல்களும் தேறிவிடும்.

பிக்சல் ஹேஷ் ஒத்துப்போனால் மட்டும் போதாது, உங்கள் பிளகினும் அதில் பாஸ் ஆகியிருக்கும். எக்ஸிஃப்டூலில் "-புரொஃபைல்டிஸ்க்ரிப்ஷன் -ஓரியன்டேஷன்" கேட்டு, அந்தப் பட்டியலையும் முன்பின் ஒப்பிடுங்கள்.

பிராடக்ட் பேஜ் விஷயம் வேர்ட்பிரஸின் வேலை. நீங்கள் ஏற்றிய ஃபைல் அங்கே காட்டப்படுவதே இல்லை. வேர்ட்பிரஸ் அதிலிருந்து பல அளவுகளில் சின்னப் படங்களை ஜேபெக் குவாலிட்டி 82-இல் செய்துகொள்ளும். 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலைத் தாண்டும் படத்தைச் சுருக்கி, பெயரில் "-ஸ்கேல்ட்" சேர்த்து அதையே முழுப் படமாக நடத்துகிறது. உங்கள் 4032 பிக்சல் படத்தை ஜூம் செய்பவர் பார்ப்பது இந்த 2560-ஐத்தான்.

மங்கலுக்குக் காரணம் சர்வரில் படத்தைச் சுருக்குவது ஜிடி லைப்ரரியாக இருக்கும். அது ஐசிசி புரொஃபைலை விட்டுவிடும். அதற்குப் பதில் இமேஜிக் லைப்ரரி என்றால் வேர்ட்பிரஸ் புரொஃபைலைக் காப்பாற்றும். டூல்ஸ், சைட் ஹெல்த், இன்ஃபோ, மீடியா ஹேண்ட்லிங் என்று போனால் எது ஓடுகிறது என்று தெரியும். ஜிடி என்றால் ஹோஸ்டிங்காரரிடம் பிஹெச்பி இமேஜிக் எக்ஸ்டென்ஷனை ஆன் செய்யச் சொல்லுங்கள். பிறகு டபிள்யூபி-சிஎல்ஐயில் (வேர்ட்பிரஸின் கமாண்ட் லைன் கருவி) "மீடியா ரீஜெனரேட்" ஓட்டினால் சின்னப் படங்கள் எல்லாம் புதிதாக உருவாகும். இதை ஓட்டாவிட்டால் பழைய மங்கல் படங்களே தொடரும்.

தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் (சைல்ட் தீமாக இருக்கட்டும்) "டபிள்யூபி_எடிட்டர்_செட்_குவாலிட்டி" ஃபில்டரில் 90 கொடுங்கள். ஜூமுக்கு முழு அளவே வேண்டுமென்றால் "பிக்_இமேஜ்_சைஸ்_திரெஷோல்ட்" ஃபில்டரை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஆனால் 4 எம்பி படம் போன் டேட்டாவில் ஜூம் ஆக நேரம் பிடிக்கும். எனக்கென்னவோ 2560-ஐ அப்படியே விட்டு, குவாலிட்டியை மட்டும் ஏற்றுவது சரி என்று படுகிறது. நெசவு தெரிய வேண்டிய முந்தானையை, பார்டரைத் தனியாக கிட்டப்போய் ஒரு ஷாட் எடுத்துப் போடுங்கள். எந்தக் கம்ப்ரஷனும் அதற்கு ஈடாகாது.

பெரம்பூர்_லோகோ:

தரமணி சொன்னதோடு ஒன்று. ஜூமுக்கு 2560 போதும் என்று முடிவு செய்தால், முழு அளவு ஒரிஜினல்கள் ஹோஸ்டிங்கில் இருக்கத் தேவையில்லை, கடை ஹார்ட் டிஸ்க் போதும். ஆனால் ஒரிஜினல் இல்லாத நிலையில் ரீஜெனரேட் ஓட்டினால் பிழை வரும். அதனால் எல்லாச் சின்னப் படங்களையும் உருவாக்கி முடித்த பிறகே ஒரிஜினல்களை ஹோஸ்டிங்கிலிருந்து நீக்குங்கள்.

ஹார்ட் டிஸ்கில் வைப்பதற்கு ஜேபெக் எக்ஸ்எல் பாருங்கள். லிப்ஜேஎக்ஸ்எல்-டூல்ஸ் பேக்கேஜில் சிஜேஎக்ஸ்எல் வரும். ஜேபெக்கைக் கொடுத்தால், வேறெதுவும் சொல்லாமலே, பிக்சலாக விரிக்காமல் அதே எண்களை இன்னும் திறமையாக அடுக்கும். சுமார் 20 சதவீதம் மிச்சம். அதைவிடப் பெரிய விஷயம், டிஜேஎக்ஸ்எல்லில் .ஜேபிஜி என்ற பெயர் கொடுத்துத் திரும்ப எடுத்தால் பழைய ஃபைல் பைட்டுக்குப் பைட் அப்படியே வரும். இங்கே எஸ்ஹெச்ஏ256 ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்து ஹேஷ் பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். வெப்சைட்டில் நேரடியாகப் போட இன்னும் தோதில்லை. சஃபாரி 17 காட்டும், குரோம் 110-ஆம் பதிப்பில் தன் சோதனை ஆதரவையே எடுத்துவிட்டது.

பாண்டிபஜார்_வெப்:

சைட் ஹெல்த்தில் பார்த்தேன், ஜிடிதான் ஓடுகிறது. ஹோஸ்டிங்குக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். கடைசியாக ஒன்று: கடையில் விண்டோஸில் இருக்கும் அக்காக்களுக்கு கமாண்ட் லைன் ஒத்துவராது. அவர்களுக்கு எது?

ராயப்பேட்டை_கிராஃபிக்ஸ்:

ஃபைல்ஆப்டிமைசர். ஓப்பன் சோர்ஸ், ஃபோல்டரை இழுத்துப் போட்டால் போதும், உள்ளே ஆக்ஸிபிஎன்ஜி, ஜேபெக்டிரான் வகைக் கருவிகளையே வரிசையாக ஓட்டும். கொடுப்பதற்கு முன் ஆப்ஷன்ஸில் ஜேபெக், பிஎன்ஜி இரண்டு டேபிலும் மெட்டாடேட்டாவை வைத்திருக்கும் டிக்கைப் போட்டு, லாஸி (தரம் குறைத்துச் சுருக்குவது) அனுமதி டிக் காலியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். சீசியம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் லாஸ்லெஸ் என்பதை நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் ஒருவர் குவாலிட்டி ஸ்லைடரை இழுத்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒன்றிரண்டு படம் மட்டும் என்றால் ஸ்குவூஷ். பிரவுசரில் ஓடினாலும் சுருக்குவது அவர்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கும், படம் எங்கும் ஏறாது, தீபாவளி கலெக்‌ஷன் வெளியே கசியாது.

அக்காக்கள் படங்களை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களா? அப்படியென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் உங்கள் கைக்கு வரும்போதே சுருங்கித் தரம் போயிருக்கும், அதன்மேல் எந்தக் கருவியை ஓட்டியும் பயனில்லை.